கண்மாய், மலை பாதுகாக்கும் அறக்கட்டளையில் நிதி, நிர்வாகப் பொறுப்பு: சேர்ந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மேலூர்_ரோடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் மேனேஜராக இருக்கிறேன். டாலி, ஜிஎஸ்டி, பேங்க் லோன், ஸ்டாக் ஆடிட் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இப்போது மேலூர் தாலுகாவிலும் நத்தம் பக்கமும் கண்மாய் சீரமைப்பு, மலையடிவாரப் பாதுகாப்பு, பறவை, தேவாங்கு கணக்கெடுப்பு என்று வேலை செய்கிற ஒரு அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். பதவி, நிதிக்கும் நிர்வாகத்துக்கும் சேர்த்துத் தலைமை. அதாவது கணக்கு, ஆட்கள், வண்டி, கொள்முதல், ஆபீஸ், அரசு அனுமதிகள் எல்லாம் என் தலையில். சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறையும். அதை வீட்டில் பேசி முடித்துவிட்டோம், அது பிரச்சினை இல்லை.

நான் இதை யோசிப்பதற்கே காரணம் அரிட்டாபட்டிதான். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட இடம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே வருஷத்தில் அதைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். எங்கள் சொந்தக்கார ஊர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். 2025 ஜனவரியில் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்த அன்று எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். அறிவிப்பும் போராட்டமும் ஒரு பக்கம் இருந்தாலும், வருஷம் முழுக்க அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சம்பளம் போட, வண்டிக்கு டீசல் அடிக்க, பில் கட்ட ஒரு ஆள் வேண்டும் இல்லையா? அந்த ஆளாக நான் இருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆனால் கம்பெனிக் கணக்கு வேறு, இது வேறு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எதில்தான் வேறு? சேர்ந்ததும் முதலில் எதைத் திறந்து பார்க்க வேண்டும்? இந்த வேலையில் இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

கலுங்கு

சகோதரி, நான் வைகைக்குத் தெற்கே கண்மாய் வேலை செய்யும் ஒரு அமைப்பில் பல வருஷமாக இதே பொறுப்பில் இருக்கிறேன். சட்டத்தை ஆடிட்டர் யாராவது வந்து சொல்வார்கள். நான் வேலையைச் சொல்கிறேன்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது, பணத்துக்கு ஒரு காலண்டர், தண்ணீருக்கு ஒரு காலண்டர். இரண்டும் ஒத்துப்போகாது. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சட்டப்படி சமூகப் பணிக்கு அவர்கள் செலவழிக்க வேண்டிய பணம், பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும்தான் வந்து விழும், வருஷம் முடிவதற்குள் செலவு காட்ட வேண்டும் என்று அவர்களுக்கு நெருக்கடி. ஆனால் மழை நல்லபடியாகப் பெய்த வருஷம் என்றால் பிப்ரவரியில் கண்மாயில் தண்ணீர் நிற்கும். வயலில் கதிர் இருக்கும், மடையை அடைக்க ஊரில் ஒருத்தரும் சம்மதிக்க மாட்டார்கள். தூர் வாருவது, கரையைப் பலப்படுத்துவது, மடைக்குழாய் மாற்றுவது எல்லாம் கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடிக்கும், பெரியாறு கால்வாயில் மேலூர்ப் பக்கத்து ஒருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கமாக செப்டம்பர் நடுவில், ஆக அதற்குள் ஜேசிபி கண்மாயை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். நம் கையில் இருப்பது ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரைதான். மார்ச் 31க்குள் செலவு செய்து சான்றிதழ் கொடு என்று பணம் கொடுத்தவர் கேட்பார், கண்மாய் ஜூன் வரை காத்திரு என்று சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று தீர்வு சொல்ல வேண்டியது நீங்கள்தான். நிதித் தலைமை என்றால் அதுதான், டாலியில் பதிவு போடுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

தீர்வு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சிஎஸ்ஆர் விதிகளில் தொடர் திட்டம் என்று ஒன்று உண்டு. தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மேலும் 3 வருஷம் வரை நடத்தலாம், செலவாகாத பணத்தைக் கம்பெனி தனிக் கணக்குக்கு மாற்றி வைத்துக்கொண்டு நமக்குக் கட்டம் கட்டமாகக் கொடுக்கலாம். ஆனால் கம்பெனியின் போர்டு அதைத் தொடர் திட்டம் என்று ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். நமக்குப் பணத்தை அனுப்பிவிட்டாலே அவர்களுக்குச் செலவுக் கணக்கு ஆகிவிடாது, நாம் உண்மையில் செலவழித்தால்தான் செலவு என்று கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான கம்பெனிகள் புரிந்துகொள்கின்றன, ஏனென்றால் அவர்களுக்கும் வம்பு வேண்டாம். திட்ட அறிக்கை எழுதும்போதே மாதவாரியாகத் தண்ணீர் நிலவரத்தையும் வேலையையும் பணத் தேவையையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கொடுங்கள். களத்து ஆட்கள் திட்டம் எழுதி முடித்த பிறகு பட்ஜெட் போட உங்களைக் கூப்பிடுவார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், முதல் கூட்டத்திலிருந்தே உட்காருங்கள்.

அடுத்தது, உங்களுக்குக் கம்பெனியில் பழகியதற்கு நேர் எதிரான விஷயம். அங்கே 20 லட்சம் செலவு செய்து ஷெட் போட்டால் அது பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக நிற்கும். இங்கே 20 லட்சம் செலவு செய்து மடையும் கலுங்கும் (உபரித் தண்ணீர் வழிந்து போகிற இடம்) கட்டினால் அது நம் சொத்து இல்லை. கண்மாய் அரசுடையது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நம் ஏட்டில் அது வெறும் செலவு. அதனால் அந்தப் பணம் எங்கே போனது என்பதற்கு நம்மிடம் மிஞ்சுவது தாள்கள்தான்: துறையின் எழுத்துபூர்வ அனுமதி, வேலைக்கு முன் எடுத்த மட்ட அளவு, வேலைக்குப் பின் எடுத்த மட்ட அளவு, அளவுப் புத்தகம், தேதியும் இடக்குறியும் பதிந்த படங்கள், ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தின் கையெழுத்து. ஜேசிபி எத்தனை மணி நேரம் ஓடியது என்று பில் இருந்தால் போதாது, அந்த நேரத்தில் எத்தனை கன மீட்டர் மண் வெளியேறியது என்று அளவோடு பொருந்த வேண்டும். வண்டல் மண்ணை விவசாயிகள் வயலுக்கு எடுத்துப் போவது நல்ல காரியம்தான், ஆனால் அதற்கும் தாசில்தார் அனுமதி வேண்டும். அந்த நகல் உங்கள் கோப்பில் இல்லாமல் ஒரு டிப்பர்கூட நகரக் கூடாது. நாளைக்கு யாராவது அறக்கட்டளை மண் விற்கிறது என்று மனு போட்டால் பத்து வருஷம் சம்பாதித்த பெயர் ஒரே நாளில் போய்விடும்.

முதலில் எதைத் திறப்பது என்று கேட்டீர்கள். நான் என்றால் பேங்க் பேலன்ஸைப் பார்த்த கையோடு அதில் எவ்வளவு யாருடைய பணம் என்று கேட்பேன். கணக்கில் 60 லட்சம் இருக்கும், பார்க்க வசதியாகத் தெரியும். பிரித்துப் பார்த்தால் 35 ஒரு கம்பெனியின் கண்மாய்க்கு, 15 இன்னொருவரின் நாற்றங்காலுக்கு, 7 கணக்கெடுப்புக்கு, நாம் நினைத்தபடி செலவு செய்ய மிஞ்சுவது 3தான். அந்த 3 தான் உங்கள் உண்மையான கையிருப்பு. பல அமைப்புகள் அடுத்த தவணை வரும் என்ற நம்பிக்கையில் ஒரு திட்டத்துப் பணத்தில் இன்னொரு திட்டத்துக்குச் சம்பளம் போடும். தவணை தாமதமானால் இரண்டு கண்மாயும் பாதியில் நிற்கும். சேரும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள், பதில் தெளிவாக வரவில்லை என்றால் அதைச் சரி செய்ய உங்களுக்கு அதிகாரம் கொடுப்பார்களா என்று கேளுங்கள். கையிருப்பு குறைவாக இருப்பது குற்றம் இல்லை, எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

---

தல்லாகுளம்_ஆடிட்டர்

மேலே சொன்னது சரி. சட்டப் பக்கத்தை நான் கொஞ்சம் நிரப்புகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 என்பதால் பிரிவு எண், படிவ எண் எல்லாம் மாறுகின்றன. அதனால் எண்களை மனப்பாடம் செய்யாமல் விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளையின் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருஷமே நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும். மார்ச் மாதம் வந்த பணம் ஜூனில்தான் செலவாகும் என்றால், குறிப்பிட்ட காரணம் காட்டி 5 வருஷம் வரை சேர்த்து வைக்க வழி இருக்கிறது. அதற்கான படிவத்தை ரிட்டர்னுக்கு முன்பே கெடுவுக்குள் போட வேண்டும், அறங்காவலர் தீர்மானம் வேண்டும், பணம் வங்கி மாதிரி அனுமதிக்கப்பட்ட இடத்தில் இருக்க வேண்டும். கலுங்கு சொன்ன தண்ணீர் காலண்டர் பிரச்சினை வரியிலும் இப்படித்தான் வந்து நிற்கும். கெடு தவறினால் நல்ல காரியத்துக்கு வந்த பணத்துக்கு வரி கட்ட வேண்டி வரும்.

ரொக்கம். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு அறக்கட்டளைச் செலவாக எடுத்துக்கொள்ளப்படாது. களத்தில் கூலி ஆட்களுக்கு இது பிரச்சினை இல்லை. ஜேசிபிக்காரர், டீசல், செங்கல், சிமெண்ட், இங்கேதான் மாட்டுவார்கள். ஜேசிபி உரிமையாளர் ரொக்கம்தான் வேண்டும், பான் எண்ணெல்லாம் கிடையாது என்பார். வேலை தொடங்கும் முன்பே பான், வங்கிக் கணக்கு, விலை எல்லாம் எழுத்தில் வாங்கிவிடுங்கள், பாதி வேலையில் கேட்டால் நடக்காது. அவருக்கு ஒப்பந்தக் கூலியாகக் கொடுப்பது ஒரே பில்லில் 30,000 அல்லது வருஷத்துக்கு ஒரு லட்சம் தாண்டினால் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே அவருடைய வருமான வரியில் ஒரு பங்கு, பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் அந்தத் தொகையில் 30 சதவீதம் செலவாக ஏறாது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு, நீர்ப்பிடிப்பு, காடு, வனவிலங்கு ஆகியவை வருமான வரியில் தனியாகப் பெயர் சொல்லி அறநோக்கமாக வைக்கப்பட்டவை. பொதுவான பொதுநல நோக்கம் என்ற வகையில் வருகிற அமைப்புகளுக்கு வணிக வருமானம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு, அது இவர்களுக்கு வராது. ஆனால் அறக்கட்டளைப் பத்திரத்தில் நோக்கம் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பத்திரத்தை வாங்கி முழுக்கப் படியுங்கள். கிராம வளர்ச்சி, கல்வி, சேவை என்று பொதுவாக எழுதிவிட்டுக் கண்மாய் வேலை செய்கிற அறக்கட்டளைகளை நிறையப் பார்க்கிறேன்.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். வாங்கினால் அது தனி உலகம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அந்தப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் கைமாற்றக் கூடாது. கிராமச் சங்கத்துக்கு ஒரு சின்னத் தொகை கொடுத்து நாற்று நடச் சொன்னாலும் கைமாற்றம்தான், ஆகவே வேலையை நாமே நேரடியாகச் செய்து கூலி கொடுக்க வேண்டும். உள்ளூர்ப் பணமும் வெளிநாட்டுப் பணமும் ஒரே கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. வருஷ அறிக்கைக்கு டிசம்பர் 31 கெடு.

அப்புறம், 80ஜி ரசீது கேட்கிற நன்கொடையாளர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு வரிச் சலுகை கிடையாது, புதிய வரி முறையில் இருக்கிற சம்பளக்காரருக்கும் கிடையாது. இதை முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

---

தேவாங்கு_ராத்திரி

அக்கா, நான் கணக்கு ஆள் இல்லை. நத்தம், அழகர்மலைப் பக்கம் இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு தேவாங்கு கணக்கெடுக்கிற களப்பணியாளர். எங்கள் பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை சொல்லலாமா?

களத்தில் சுற்றுகிறவன் சொந்தக் காசு போட்டுப் பெட்ரோல் அடித்து, மாதக் கடைசியில் பில் கொடுத்து, அது அடுத்த மாதம் பாதியில் வந்தால் அவன் வீட்டில் கேஸ் வாங்கக் காசு இருக்காது. மாத ஆரம்பத்தில் முன்பணம் கொடுங்கள், வாரம் ஒரு முறை கணக்கு வாங்குங்கள், முந்தைய முன்பணத்துக்குக் கணக்கு வராமல் அடுத்தது கிடையாது என்று கறாராக இருங்கள். நாங்கள் ஒத்துக்கொள்வோம். ஆனால் மலையடிவாரத்து டீக்கடையில் ஜிஎஸ்டி பில் வாங்கி வா என்று சொல்லாதீர்கள். அதற்கு ஒரு வவுச்சர் அச்சடித்துக் கொடுங்கள், தேதி, ஆள் பெயர், எதற்கு, எவ்வளவு, கையெழுத்து, இவ்வளவு போதும். கூலி ஆட்களுக்குச் சனிக்கிழமை காசு போக வேண்டும், திங்கட்கிழமை கொடுத்தால் அடுத்த வாரம் நூறு நாள் வேலைக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுவார்கள். மஸ்டர் ரோலில் (கூலி ஆட்களின் வருகைப் பதிவேடு) கைநாட்டு வைக்கிற பாட்டிமாருக்குப் பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்து போடட்டும், அவர்களுக்கும் மரியாதை, உங்களுக்கும் பாதுகாப்பு.

முக்கியமானது இன்சூரன்ஸ். இரவில் பாறையில் ஏறுகிறோம், கரைக் காட்டில் நடக்கிறோம். விபத்துக் காப்பீடு களத்தில் வருகிற ஒவ்வொருவருக்கும் வேண்டும், மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் போட்டுத் தினக்கூலி ஆளை விடக் கூடாது. 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள், அந்த அளவுக்குப் பெரிய விஷயம் அது. கடிபட்டால் எந்த வண்டி, யார் ஓட்டுவார், பக்கத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரி எது, அந்த நேரத்துக்கு யார் கையில் ரொக்கம் என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு குழுவிடமும் கொடுங்கள். முழங்கால் பூட்ஸும் டார்ச்சும் பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படும். அதை மட்டும் வெட்ட விடாதீர்கள்.

சேர்ந்ததும் விதிமுறை எழுதும் முன்னால் எங்களோடு ஒரு இரவு வாருங்கள், கண்மாய் வேலை நடக்கும்போது ஒரு முழுப் பகல் கரையில் நில்லுங்கள். ஆபீஸிலிருந்து வருகிற கேள்விகள் அதற்குப் பிறகு மாறிவிடும்.

---

மேலூர்_ரோடு

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. அறங்காவலர்களிடம் நேற்று போனில் பேசியதில் வெளிநாட்டுப் பணம் வாங்குவதில்லை என்று தெரிந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் அதிகாரி நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் சட்டப்படி கொடுக்கக் கூடாது, சம்பளத்துக்கெல்லாம் பணம் இல்லை, வேலைக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறாராம். அறங்காவலர்களும் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். அப்படியென்றால் என் சம்பளத்தை யார் கொடுப்பது? பொறியாளர் சம்பளம்? உண்மையிலேயே சட்டம் அப்படியா?

---

கலுங்கு

இல்லை. இதைச் சொல்லாத கம்பெனி குறைவு, அவர்கள் வேண்டுமென்றே சொல்வதில்லை, பலருக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகிற பொது நிர்வாகச் செலவுக்கு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, செய்ய, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகிற செலவு அந்த வரையறைக்குள் வராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கண்மாயை அளக்கிற பொறியாளர், ஊர்க்கூட்டம் நடத்துகிற களப்பணியாளர், அந்தத் திட்டத்துக்குக் கணக்கு எழுதுகிறவர், இவர்கள் இல்லாமல் வேலை எப்படி நடக்கும்? இவர்கள் சம்பளம் திட்டச் செலவு.

ஆனால் வாயால் சொன்னால் ஏற்க மாட்டார்கள். சேர்ந்த மாதத்திலிருந்து எல்லோரையும் நேரப் பதிவு எழுத வையுங்கள், யார் எந்தத் திட்டத்துக்கு எத்தனை நாள் வேலை செய்தார் என்று. கொஞ்சம் முணுமுணுப்பார்கள், பழகிவிடும். அதை வைத்துப் பொறியாளர் சம்பளத்தில் 40 சதவீதம் இந்தக் கண்மாய்க்கு, 60 அந்தக் கண்மாய்க்கு என்று ஆதாரத்தோடு பிரித்துப் போடலாம். ஆபீஸ் வாடகை, ஆடிட் கட்டணம், உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு, இவற்றுக்கும் எல்லாத் திட்டத்துக்கும் பொருந்துகிற ஒரே பங்கீட்டு முறையை அறங்காவலர் தீர்மானமாக நிறைவேற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனிக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு வேறு மாதிரி என்று இருந்தால்தான் சந்தேகம் வரும்.

அப்படியும் ஒரு கம்பெனி மண் வெட்டுகிற கூலியைத் தவிர எதற்கும் கொடுக்க மாட்டேன் என்றால், அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அறங்காவலர்களுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கண்மாயைத் தூர் வாரிவிட்டு அடுத்த வருஷம் சீமைக்கருவேலம் முளைக்கிறதா, மடை ஒழுகுகிறதா என்று பார்க்கப் போக ஆளுக்கும் வண்டிக்கும் காசு இல்லை என்றால் அந்த வேலையைச் செய்து என்ன பயன்? தலையாட்டியதைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகவில்லை என்றால் நீங்களே அந்த அதிகாரியை ஒரு முறை சந்தியுங்கள். அந்த விதியை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். வேண்டுமானால் எங்கள் அமைப்பில் பயன்படுத்துகிற நேரப் பதிவுத் தாளையும் பங்கீட்டுத் தீர்மானத்தின் மாதிரியையும் அனுப்புகிறேன், தனிச் செய்தியில் கேளுங்கள்.